முன்தூண் இல்லாத பஸ் நிறுத்தம்

முசிறிச் சாலையில், நான் வரைந்தபடி கட்டப்பட்ட முதல் பஸ் நிறுத்தத்தைப் பார்க்க வந்திருக்கிறேன். வரும் பஸ்ஸை மறைக்கக் கூடாதென்று முன்பக்கம் தூணே வைக்கவில்லை. கூரை பின்சுவரிலிருந்து நீண்டு நிற்கிறது. மழை வலுக்கிறது. வாழைப்பழக் கூடையோடு ஒரு அம்மா வெளியே நனைகிறார்.

“உள்ள வாங்கம்மா.”

“தூணில்லாம நிக்குதே. தலையில விழுந்துட்டா?”

“நான்தாங்க இதை டிசைன் பண்ணினேன். விழாது.”

“அப்ப நீங்க நில்லுங்க, பாக்குறேன்.”

லாரி ஒன்று கடக்கிறது. கூரையின் நுனி அதிர்கிறது. கொஞ்சம் அசையும்படிதான் கணக்குப் போட்டேன். ஆனாலும் ஒருமுறை மேலே பார்க்கிறேன். நகராமல் நிற்கிறேன்.

அவர் மெல்ல உள்ளே வருகிறார். “நீங்க இருக்கற வரைக்கும்தான் நிப்பேன்.”

நான் போகவேண்டிய திருச்சி பஸ் வருகிறது. மழை விடவில்லை, அவருடைய பஸ் இன்னும் வரவில்லை. கண்டக்டர் கூப்பிடுகிறார், போகச் சொல்லிக் கையசைக்கிறேன்.