கிளெனிஸ் சொல்லச் சொன்ன பொய்

இங்கிலாந்தில், கிரிம்ஸ்பி மீன் ஆலையில் முப்பது வருடம் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவள் கிளெனிஸ் மம்பி. கத்தியும் வாயும் ஒரே வேகம். பொய் சொல்கிறவர்களை அவள் கண்ணில் காட்டக்கூடாது. அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொய்க்குத் துணைபோனாள்.

அவள் தம்பி நெவில், ஒரு மதுக்கடைக்குத் தீ வைத்ததாக உள்ளே போனான். மாடியில் இருந்த குடும்பம் மயிரிழையில் தப்பியது. அவனைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சி ஒருவன்தான். தண்டனைக்கு முடிவுத் தேதி கிடையாது. மூன்று வருடம் கட்டாயம்; அதன்பின், இவனால் இனி ஆபத்தில்லை என்று பரோல் வாரியம் நம்பினால்தான் கதவு திறக்கும். நம்புவதற்குச் சிறையில் ஒரு வகுப்பை முடிக்க வேண்டும். வகுப்பில் உட்கார, செய்த குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நெவில் பதினோரு வருடம் "நான் வைக்கலை" என்றே சொன்னான். பதினோரு வருடம்!

வகுப்பு நடத்தும் ஹிலரி என்பவள் கிளெனிஸுக்குப் போன் செய்தாள்.

"அந்த ரூம்ல பேசுறது அந்த ரூமோட போச்சு, மிஸ் மம்பி. கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க சொன்னா தம்பி கேப்பாரு."

தேனொழுகும் குரல். கிளெனிஸ் நம்பிவிட்டாள்.

அடுத்த சந்திப்பில் நெவில் ஆரஞ்சு நிற மேலாடையோடு உட்கார்ந்திருந்தான். கைதி எழுந்து போகக்கூடாது, அவள்தான் டீ வாங்கி வந்தாள்.

"வச்சேன்னு சொல்லிடுடா நெவ்."

"நான் வைக்கலையேக்கா."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? சொல்லிட்டு வீடு வந்து சேரு. உன் ரூம்ல துணி காயப்போட்டுப் போட்டு எனக்கு அலுத்துப்போச்சு."

அவன் சிரிக்கவில்லை. அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நீ சொன்னா சரி" என்றான்.

வழக்கில் கேட்டதையெல்லாம் வைத்து எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தான். ஹிலரி பாராட்டினாள். வாரியமோ, இப்போதுதானே ஒப்புக்கொண்டிருக்கிறார், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றது.

மறுவருடம் அந்தச் சாட்சி, தான் முகத்தையே பார்க்கவில்லை என்று நெவிலின் வக்கீலிடம் எழுதிக் கொடுத்தான். மேல்முறையீடு உயிர்பெற்றது. கிளெனிஸ் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு லண்டனுக்கு ரயிலேறினாள். அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் சாவகாசமாக எடுத்தது அந்த எட்டுப் பக்கத்தை. அடியில் ஹிலரியின் கையெழுத்து, தேதியோடு.

கிளெனிஸ் பார்வையாளர் வரிசையில் எழுந்து, "நான்தாங்க சொல்லச் சொன்னேன்" என்றாள். காவலர் உட்கார வைத்தார். சாட்சி பிறழ்ந்தாலும் இவரே தம் கைப்பட எழுதியிருக்கிறாரே என்றார்கள் மூன்று நீதிபதிகளும். தீர்ப்பும் மாறவில்லை, தேதியில்லாத தண்டனையும் மாறவில்லை.

கிளெனிஸ் ஹிலரிக்குப் போன் போட்டாள். "நான் அப்படி உறுதியா சொன்னதா ஞாபகம் இல்லையே, மிஸ் மம்பி." அதே தேன்.

கழுத்தறுத்துவிட்டாள் என்று ஆலையில் ஒரு வாரம் கத்தித் தீர்த்தாள் கிளெனிஸ். பிறகு நெவிலைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தவள் கத்தியைத் தொடவேயில்லை.

"என்னடி சொன்னான்?" என்றேன்.

"'ஹிலரியை விடுக்கா, அவ வேலை அது'ன்னான். 'அன்னைக்கு நான் வைக்கலைன்னு சொன்னப்போ, தெரியும்டான்னு நீ சொல்லுவேன்னு காத்துட்டிருந்தேன். நீ சொல்லல. அக்காவே நம்பாதப்போ யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிறதுன்னுதான் எழுதிக் கொடுத்தேன். நீயும் நான்தான் வச்சேன்னு நெனச்சியா?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"அவன்கிட்ட எனக்குப் பொய் சொல்ல வரல. 'ஒரே ஒரு தடவை தோணிச்சுடா, அன்னைக்குத்தான்'னு சொன்னேன்."

அடுத்த மாதம் சிறை வாசலில், பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நெவிலே எடுக்கச் சொல்லிவிட்டானாம்.