உள்ளங்கைச் சீனி

எங்கள் வீட்டில் சாயத்தண்ணியில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், சீனி கலக்கும் வழக்கம் கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாத்தா கொண்டுவந்த பழக்கம்: சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. அதிலும் ஒரு வித்தை வைத்திருந்தார் அத்தையின் கணவரான என் மாமா. சீனியை வைத்ததும், சுண்டுவிரலில் தொடங்கி என் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்குவார். மூடிய கைமேல் இரண்டு தட்டு. அதன்பிறகுதான் திறக்க வேண்டும். அந்தச் சீனிக்கு இனிப்பு கூடுதல் என்று ஒன்பது வயதில் சத்தியமாக நம்பினேன்.

மாமா தாத்தாவோடு வந்தவர் அல்லர். வெகுகாலம் கழித்து, அங்கே சண்டை நடந்தபோது, எங்கள் மலையூரான அரவேணுவுக்குத் தனியாக வந்தவர். தோட்டத்தில் கிளார்க்காக இருந்ததாகச் சொன்னார். சிலோனிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கும் அப்பா அவருக்கும் எழுதிக் கொடுத்தார். பிறகு தங்கையையும் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை வக்கீல் ஒருவரோடு ஓர் அம்மா அப்பாவைத் தேடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். சண்டையின்போது கைதியாக இருந்த முகாமில் தன்னையும் பலரையும் வதைத்த ஒருவன் இந்த மலையில் பெயர் மாற்றி ஒளிந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"ஆள் எப்படிங்க இருப்பான்?" என்றார் அப்பா.

"முகம் தெரியாது. கண்ணைக் கட்டித்தான் வச்சிருந்தவங்கள்."

முகம் தெரியாதவனை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அம்மா சாயத்தண்ணி கொண்டுவந்தாள். விருந்தாளியைக் கவனிக்கும் பெருமையில் நான் அவருடைய இடது கையில் சீனியை வைத்து, மாமாவைப் போலவே மடக்கினேன். சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கவில்லை. மீதியை மடக்கி இரண்டு தட்டு தட்டினேன். டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"ஆர் பிள்ளை உனக்கு இதைக் காட்டித் தந்தது?"

"எங்க மாமா!" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"அவனும் இப்பிடித்தான், சுண்டுவிரல்ல இருந்து ஒவ்வொண்டா... பிறகு ரெண்டு தட்டு" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "இங்க எல்லாருமே கையிலதானுங்க சீனி வெப்பாங்க, அதை வெச்சு ஒருத்தரைச் சொல்லலாமுங்களா?" என்று அப்பா வக்கீலிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மாமா நான்கு மணி பஸ்ஸில் குன்னூரிலிருந்து வருவார். யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்ற கோபத்தில் ஸ்டாப்புக்கு ஓடினேன். அவர் இறங்கியதும், "மாமா, சிலோன்காரம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க, உங்க சீனி வித்தையைப் பத்திக் கேட்டாங்க!" என்றேன்.

மாமா எனக்கு வாங்கிவந்த பன்னைக் கையில் கொடுத்தார்.

"எந்தக் கை புள்ள மடங்கல?"

"இடதுங்க மாமா."

கிளம்பிய அதே பஸ்ஸில் மறுபடி ஏறிப் போனார். பிறகு வரவேயில்லை.

அன்று மூன்று பேர் என்னைத் திட்டினார்கள். விருந்தாளி கையை ஏன் தொட்டாய் என்று அம்மா. மாமாவை ஏன் சொன்னாய் என்று அத்தை. ஸ்டாப்புக்கு ஏன் ஓடினாய் என்று வக்கீல். எது தப்பு என்று தெரியாமல் மூன்றுக்கும் சேர்த்து அழுதேன். திட்டாதவர் அந்த அம்மா மட்டும்தான்.

"அவன் என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

"எந்தக் கை மடங்கலன்னு கேட்டாருங்க."

அதுவரை மாமாவுக்காக வாதாடிக்கொண்டிருந்த அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அதில் உட்காரும்படி என்ன இருக்கிறது என்று நான் பன்னைத் தின்றுகொண்டே பார்த்தேன். விரல் மடங்காததை மாமாவிடம் நான் சொல்லவேயில்லை என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின.