பிறக்காத பிள்ளைக்கு ஒரு குல்லாய்

கம்பளி பின்னும் தொழிலில் விரல் நோவதைவிட மனசு நோவதுதான் அதிகம். கைவேலை செய்து கொடுத்துவிட்டு, அது நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டுமே என்று சாமி கும்பிடுகிற உங்களுக்குத் தெரியாததா! எழுபதுகளில் மலேசியாவில், எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் என் குல்லாய்தான்.

முன்னாடியே கொடுத்தது

பக்கத்து வீட்டு சரசு, கொழுந்து எடுக்கிறவள், தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதமே குல்லாய் கேட்டாள். மழைமாதத்துக் குளிர் பெரியவர்களையே ஆட்டிவைக்கிற இடம். நானும் ஆசையாகப் பின்னிக் கொடுத்தேன். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அவள் மாமியார் அஞ்சலை குல்லாயைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்தாள். "பொறக்காத புள்ளைக்குப் புதுசு செய்யலாமா? ஒன் கையி ராசியில்லாத கையி."

ஒளித்துவைத்த ஊசி

கைவேலைக்காரிக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. அழுதேன். மறுவருஷம் சரசு மறுபடி முழுகாமல் இருந்தபோது, ஊசியையும் நூலையும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஆனால் பயம் விடவில்லை. இதுவும் கொட்டுகிற மழையில்தான் பிறக்கும். பழந்துணியில் சுற்றினால் இந்தக் குளிருக்கு எந்த மூலைக்கு? பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் கடையில் குல்லாய் தொங்கியது, அதுவும் புதுசுதானே. பட்ட காலிலேயே படும் என்பார்களே, அந்த நினைப்புதான் எனக்கு. ஒருநாள் சரசுவிடம் மெல்லப் பேச்செடுத்தேன். பாவம், அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்க்கா. ஒங்க கையில ஊசியப் பாத்தாலே எனக்குப் பயமா இருக்கு லா."

அஞ்சலையின் ஸ்வெட்டர்

சரசுவுக்கு வலி கண்ட காலையில், அஞ்சலை மழையில் நனைந்துகொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். கையில் அவள் தினமும் போடுகிற பழைய நீல ஸ்வெட்டர். "இதப் பிரிச்சுப் பின்னு. பழசுல பின்னுனா பழசுதானே?" என்றாள். ராசியில்லாத கையில் ஏன் கொடுக்கிறாய் என்று கேட்க நாக்கு துடித்தது. ஸ்வெட்டரை வாங்கிப் பிரிக்க உட்கார்ந்தேன். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நின்றது. கொதிக்கிற கெட்டில் ஆவியில் காட்டி நீவிவிட்டேன். மக்கிய நூல், அடிக்கடி அறுந்தது. முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுப் பின்னியதில் கண்ணிக் கணக்கும் தவறிவிட்டது.

கடைசி வரியை முடிக்கும்போது பக்கத்து வீட்டில் பிள்ளை வீரிட்டது. ஓடினேன். குல்லாயைப் போட்டால் அது கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டது. இதையும் கெடுத்துவிட்டேனே என்று நான் அழாக்குறையாக நிற்க, அஞ்சலை அதன் விளிம்பை மடித்துவிட்டாள். "பெருசாவே இருக்கட்டும் லா. வளரப்போற புள்ளதானே!"

அதற்கப்புறம் தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் கிழிந்த ஸ்வெட்டரோடு வந்து என் வாசலில் நிற்க, ராசியான கைக்காரி என்ற பெயரோடும் செலவாகாத புது நூல்கண்டுகளோடும் நான் உட்கார்ந்திருந்தேன்.