பிள்ளைகள் நிரல்

எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவின் வீட்டுப் பதிவேட்டைத் தரவுத்தளமாக்கிக் கொடுத்தது நான்தான். சம்பளமில்லாத வேலை, பெருமைக்குக் குறைவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நிரை. அதில் 'பிள்ளைகள்' என்று ஒரு நிரல். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் வயதும் அதற்குள்ளேயே அடுக்காக இருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் இறைச்சியை வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொண்டுபோகிறவர்கள் பட்டியல் கேட்டார்கள். பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பங்கு கூடும். உள்ளே அடுக்கியிருந்ததை விரித்து, பிள்ளைக்கொரு நிரையாக்கி, வீடு வீடாகக் கூட்டியெடுத்தேன். ஐந்து நிமிட வேலை. அச்சடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தொழப்போனேன்.

பெருநாளன்று அஸர் தொழுகைக்குப் பிறகு என் மூத்தவள் ராத்தா வீட்டுக்குப் போனேன். மச்சான் மௌத்தாகி விதவையானதிலிருந்து தனியே இருக்கிறாள். இஞ்சியும் உள்ளியும் அரைத்து வைத்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

"இறைச்சி வரல்லயா ராத்தா?"

"வரல்ல தம்பி. இந்த முற மாடு கொறவாக்கும்."

மாடு குறையவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ப் பட்டியலைப் பார்த்தேன். பிள்ளையில்லாத வீடு ஒன்றுகூட அதில் இல்லை. அடுக்கை விரிக்கும்போது, உள்ளே ஒன்றுமில்லாத நிரையை, தரவுத்தளத்துக்கு நான் எழுதிய வினவல் முழுதாகவே தவிர்த்துவிடும். வெறுமையானாலும் வைத்திரு என்று ஒரு சொல் சேர்க்கவேண்டும். இது தெரியாதவனல்ல நான். அவசரம், மேதாவித்தனம். கூடப் பிறந்தவளை என் கையாலேயே பட்டியலிலிருந்து எடுத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

என் வீட்டுப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணினியின் பிழை என்று தப்பியிருக்கலாம். என் பிழை என்றே, நடந்ததை விளக்கிச் சொன்னேன்.

"பிள்ளைகள்ற இடம் வெறுமையா இருந்தா வீடே இல்லாமப் போயிருமா?"

"ஓம் ராத்தா. இப்ப திருத்திட்டன். இனி அப்படி நடக்காது."

கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மௌத்தான பிள்ளையையும் அந்த இடத்தில போட ஏலுமா?"

கலியாணமான மறுவருடம் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று நாள்தான் இருந்தது. பெயர் வைக்க ஏழாம் நாள் வரவில்லை, பெயரில்லாமலே அடக்கினோம்.

"போடலாம் ராத்தா. ஆனா பேரொண்டு வேணும்," என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ராத்தா ஒரு பெயரைச் சொன்னாள். யோசிக்கவேயில்லை. இத்தனை வருடங்களாக, எங்கள் யாருக்கும் தெரியாமல், அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.