போத்தலில் ஏறிய அட்டைப்பூச்சி

மஸ்கெலியாவில் இருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வளைவில் நிற்காது. போன வெள்ளிக்கிழமை நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த கண்டக்டர் செல்வம் மிதிபலகையில் தொங்கியபடியே சத்தம் போட்டான்.

"மாரிமுத்து தாத்தா! நம்ம புனிதவதி டீச்சர் தவறிட்டாங்க. ஏறுங்க, சட்டைய பொறகு மாத்திக்கலாம்!"

மாற்றாமலே ஏறினேன். டீச்சர் இருந்திருந்தால் சட்டையைப் பார்க்க மாட்டார்கள். கையைத்தான் பார்ப்பார்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எழுதுவது என் மகள். எனக்கு எழுத்துத் தெரியாது. இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டீச்சர் அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தார்கள். வந்த அன்று முழங்கால் வரைக்கும் சவுக்காரச் சோப்பு பூசியிருந்தார்கள். "அட்டை கடிக்கும் எண்டு சொன்னவை" என்றார்கள். அப்படியும் மூன்று அட்டை கடித்திருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சவுக்காரத்தைத் தின்னுற அட்டை உங்கட ஊரிலதான் இருக்கு" என்றார்கள்.

நான் அதற்கு ஒரு வருசம் முன்னால்தான் அங்கே ஆய்வுகூட உதவியாளாகச் சேர்ந்திருந்தேன். அதுவரை மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன், முதுகு போய்விட்டது. வேலை கேட்டபோது பள்ளிக்கூட அதிபர், "வாசிக்கத் தெரியுமா?" என்றார். "கொஞ்சம் தெரியுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கொஞ்சமும் பொய். போத்தல்களை இருக்கும் இடத்தை வைத்தே அடையாளம் பிடித்து வந்தேன்.

எங்கள் பக்கத்தில் பால் ஊற்றாத பிளேன் டீயை இப்படித்தான் குடிப்போம். சீனியை உள்ளங்கையில் போட்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு. மழைக்காலத்தில் சீனி கசிந்துவிடும், எறும்பும் ஏறும். அதனால் காலியான மருந்துப் போத்தல் ஒன்றை நன்றாகக் கழுவி, அதில் சீனி போட்டு ஆய்வுகூட அலுமாரியிலேயே வைத்திருந்தேன். மூடி இறுக்கமான போத்தல். எனக்கு அதில் பெருமை வேறு.

ஒருநாள் பிள்ளைகள் பாடம் முடித்துவிட்டுப் போத்தல்களை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். இடைவேளையில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு, கையில் கொட்டிக்கொண்டேன். வெள்ளையாக, குருணையாக, சீனி மாதிரியேதான் இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது கையில் விழுந்தது ஒரு அடி. தேத்தண்ணிக் கோப்பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"அண்ணை, அது ஈய நைத்திரேற்று! நஞ்சு!"

"சீனின்னு நெனச்சேங்க டீச்சர்."

"நக்கியிருந்தா இனிச்சும் இருக்கும். அதுதான் அதின்ர கெட்ட குணம். கையைக் கழுவுங்கோ. இன்னொருக்கா. நகத்துக்குள்ளயும்." கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். பிறகு, "லேபல் ஒட்டியிருக்குதே, ஏன் பாக்கேல்லை?" என்றார்கள்.

நான் லேபலைப் பார்க்காமல் மறுபடியும் கையைக் கழுவினேன். டீச்சருக்கு விளங்கிவிட்டது.

"அதிபர்கிட்ட சொல்லிறாதீங்க டீச்சர். மறுபடி மலைக்கு அனுப்புனா இந்த முதுகு தாங்காது."

"நான் பொய் சொல்ல மாட்டன். ஆரும் கேட்டா உண்மைதான் சொல்லுவன். அதுக்கு முதல் இந்த இடத்தை உங்களுக்கு ஆபத்தில்லாததா ஆக்குவம்."

முதல் வேலையாக என் சீனிப் போத்தல் வெளியே போனது. சாப்பிடுவதும் குடிப்பதும் ஆய்வுகூடத்துக்கு வெளியே என்று சட்டம் வந்தது. அடுத்து, நஞ்சுப் போத்தலுக்கு ஒரு மண்டையோட்டுப் படம் கீறிக் காட்டினார்கள்.

"இதப் பார்த்தா பயம் வரலீங்க டீச்சர். எங்க கங்காணி வெத்தல போட்டுட்டு சிரிக்கிற மாதிரியே இருக்கு."

"அப்ப உங்களுக்கு எதைப் பாத்தாப் பயம்?"

"ரத்தம் குடிக்கிற அட்டைதாங்க."

"எனக்கும்தான்!" என்று சிவப்பு மையை எடுத்தார்கள். நஞ்சுப் போத்தல் எல்லாவற்றிலும் ஒரு அட்டை நெளிந்து ஏறியது: வெறுங்கையால் தொடாதே. அமிலப் போத்தலில், பட்டால் பொத்துவிடும் என்று, ஓட்டை விழுந்த கம்பளி. கொழுந்து எடுக்கப் போகும் தாய் மழைக்குப் போர்த்தும் கம்பளியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொஞ்ச நாளில், "டேய், கம்பளிய தண்ணியில மெதுவா ஊத்து, தண்ணிய கம்பளியில ஊத்தாத!" என்று ஒருவரை ஒருவர் அதட்ட ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருசம் கல்விக் கந்தோரில் இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அதிபர் பின்னாலேயே வந்தார். அதிகாரி போத்தலைத் தூக்கி, "இது என்ன புழு? பேர்தான் எழுதியிருக்கே. இங்க யாருக்கு வாசிக்கத் தெரியாது?" என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் வாயால் வர வேண்டாம் என்று நானே சொன்னேன்: "எனக்குத்தாங்க ஐயா."

அதிபர் முகம் இறுகியது. "இவரை ஆய்வுகூடத்தில வைக்கலாமா?" என்றார் அதிகாரி. கவ்வாத்துக் கத்தி என் கண் முன்னால் வந்து நின்றது.

டீச்சர் சேலைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையைக் காட்டினார்கள். நீளமாக ஒரு வடு. "சேர், நான் பட்டதாரி. படிக்கிற காலத்தில அமிலத்தால சுட்டது. லேபலை வடிவா வாசிச்சுப்போட்டுத்தான் சுட்டனான். இந்த அட்டை ஏறின பிறகு இங்க ஒரு பிள்ளையும் கையைச் சுடேல்லை. அண்ணை போத்தலைத் தொடமுதல் ரெண்டு தரம் பாக்கிறவர். நாங்கள் ஒருதரமும் பாக்கிறேல்லை."

அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு அதிபரும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஓய்வு பெறும்வரை நான் அங்கேதான் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, ஹட்டனில் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கிடத்தியிருந்த டீச்சரின் முகம் பாடம் எடுக்கப் போகிறவர் முகம் மாதிரியே இருந்தது. பக்கத்து வீட்டார் பிளேன் டீயும் சீனியும் கொண்டுவந்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயடியில் கக்கூஸ் கழுவும் மருந்துப் போத்தல். அதில் சிவப்பாக ஒரு அட்டை.

பின்னால் வந்த டீச்சரின் மகள் சொன்னார்: "அம்மா எல்லாத்திலயும் இதைத்தான் கீறுவா. கேட்டா, மாரிமுத்தண்ணை தந்த எழுத்து எண்டுவா."

இரண்டு தரம் கழுவினேன், நகத்துக்குள்ளும். உள்ளே வந்து உள்ளங்கையில் சீனியை வாங்கிக்கொண்டு, டீச்சர் கால்மாட்டில் நின்றேன்.

நிம்மதியாப் போங்க டீச்சர். கையக் கழுவிட்டேன்.