கவுன்சிலர் வீட்டு அண்ணாச்சி

கோவில்பட்டியில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிய பிறகும், சுவரொட்டியில் மனைவி படம், மனு வாங்கக் கணவர் கை என்றுதான் காலம் போனது. நடுவில் சில வருடம் தேர்தலே நடக்காமல் அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் ஜெயித்து வந்தவர்தான் இப்போதைய கவுன்சிலர் அம்மா.

மகள் கல்யாணம் நெருங்கிவிட்டது. தெருவில் தண்ணீர் வரவில்லை. கவுன்சிலர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அந்த அம்மாவே நின்றார்; நெடுநெடுவென்ற உயரம், நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடி. அவரிடமே, "அண்ணாச்சி இருக்காவளா?" என்று கேட்டேன்.

"ஏங்க, ஒங்களத் தேடி வந்திருக்காவ" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

பாதி ஆய்ந்த முருங்கைக்கீரையோடு வந்த கணவர், நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "சரிதான். இத அவகிட்ட சொல்லுங்க. கவுன்சிலர் அவதான?"

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார். யாரிடம் பேசினாலும் குறை சொல்ல வந்தவர் காதுபடத்தான் பேசுவாராம். தண்ணீர் திறந்துவிடுகிற ஊழியர் ஏதோ சாக்குச் சொன்னார்.

"கல்யாண வீட்டுக்காரரு எதுத்தாப்புலதான் நிக்காரு. அந்தச் சாக்க அவருகிட்டயே சொல்லுங்க."

"விடியக்காலம் தொறந்துவிட்டுருதேம்மா" என்றார் ஊழியர்.

மறுநாள் விடியும்போது குழாயில் தண்ணீர் கொட்டியது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்து நன்றி சொல்லப் பழங்களோடு போனேன். அந்த அம்மாவைப் பார்த்ததும் பாழாய்ப்போன வாய், "அண்ணாச்சி இருக்காவளா?" என்றது.

"இருக்காவ, வாங்க" என்று சிரித்தார். "மொதல்ல அவியகிட்ட சொல்லிட்டு, பெறவு எங்கிட்ட சொல்லுங்க."