வீணாக எரிந்த பல்ப்

1992ஆம் ஆண்டு ஆவணி மாதம். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வீட்டுக்குச் சண்டையால் மின்சாரம் நின்று இரண்டு வருடம் கடந்திருந்தது. கடைகளில் பற்றறி இல்லை. எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றிருந்தேன்.

பக்கத்துக் காணிக்காரர் வெங்காயம் செய்கிற கமக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய மனைவி கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். போன பிறகு, சண்டையால் யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டப்பட்டுவிட்டது. 'பாதை திறந்தால் முதல் ஆட்களோடு வருவேன், படகுத்துறையில் வந்து நில்லுங்கள்' என்று கடிதம் எழுதியிருந்தார். திறந்த செய்தியைக் கமக்காரர் கேட்டாக வேண்டும். கேட்பதற்கு அவரிடம் ஒரு வானொலி இருந்தது.

மாலையில் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் போகும். இடையில் ரேடியோ திருத்துகிறவர் செய்து கொடுத்த சிறு இணைப்பு ஒன்று. சைக்கிளின் முன் விளக்கும் சேர்ந்து எரியும். கவிழ்ந்த சைக்கிள் ஆகையால் அது மண்ணைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் பயன்படாமல் எரியும். கால்மணி நேரச் செய்திக்கு மனிதர் வியர்த்துப்போவார். நிமிடத்துக்கு அறுபத்திரண்டு சுற்று. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அந்த விளக்கு என் கண்ணை உறுத்தியது. ஒருநாள் கடதாசியோடு போனேன். டைனமோவில் 6 வோல்ற்று, 3 உவாற்று என்று பொறித்திருந்தது. மூன்றை ஆறால் வகுத்தால் அரை அம்பியர். ஆறை அரையால் வகுத்தால் பல்பின் தடை பன்னிரண்டு ஓம். வானொலிக்கும் ஆறு வோல்ற்றுத்தான். ஆனால் அது இழுப்பது ஐம்பது மில்லி அம்பியர், அதாவது 0.3 உவாற்று. பல்ப் தின்பதில் பத்தில் ஒரு பங்கு. பல்பைக் கழற்றினால் அவருடைய கை பிழைக்கும் என்று விளக்கினேன்.

"பல்ப்பைக் கழட்டாதேங்கோ மாஸ்ரர். அது எரிஞ்சால்தான் றேடியோ ஒழுங்காக் கதைக்கும்" என்றார்.

"வெளிச்சத்துக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியாது. கழட்டினால் கத்துது."

தெரியாது என்று அவர் சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது. நானே பல்பைக் கழற்றினேன். செய்தி தொடங்க, பெடலையும் நானே பிடித்தேன். இலேசாகச் சுற்றியது, எண்பதைத் தாண்டியிருக்கும். வாசிக்கிறவரின் குரல் பெரிதாகியது, கரகரத்தது. "மெல்ல, மெல்ல" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. ஒரு சிறு வெடிப்பு, கருகிய மணம், பிறகு சத்தமே இல்லை.

அவர் சைக்கிளை நிமிர்த்தி, கழற்றிய பல்பைத் திருப்பிப் பூட்டினார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் வானொலியை, மூன்று மைல் தள்ளி எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் இருந்த, அந்த இணைப்பைச் செய்து கொடுத்தவரின் திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைத் திறக்கவே இல்லை, முகர்ந்து பார்த்தார்.

"ஆர் பல்ப்பைக் கழட்டினது?"

"நான்தான்."

"என்ன உத்தியோகம் பாத்தனீங்கள் ஐயா?"

"படிப்பிச்சனான்."

"என்ன பாடம்?"

சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதை வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். பிறகு கடையிலிருந்த சைக்கிளின் டைனமோவில் வோல்ற்று அளக்கிற மீற்றரைக் கொடுத்து, என்னையே சில்லைச் சுற்றச் சொன்னார். பல்ப் இருந்தபோது முள் ஆறுக்குக் கிட்ட நின்றது. கழற்றியதும் இருபத்தைந்தைத் தாண்டிப் போனது.

"டைனமோ அரை அம்பியரை எப்பிடியும் தள்ளத்தான் பாக்கும் ஐயா. பல்ப் அதை வாங்கி, வோல்ற்றை ஆறிலை பிடிச்சு வைக்குது. அதை எடுத்திட்டால் உந்தச் சின்ன றேடியோ என்ன செய்யும்?"

என் வகுத்தலில் பிழை இல்லை. பல்ப் இருந்தால்தான் ஆறு வோல்ற்று என்பதை மறந்து, பல்பை எடுத்த பிறகும் அதே ஆறை வைத்துக் கணக்குப் பார்த்ததுதான் பிழை. அதே மாதிரி மீற்றர் ஒன்று எங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளேயே கிடந்தது. வானொலிக்கு எத்தனை மில்லி அம்பியர் என்று முன்னொருநாள் அளந்தவன் நான். டைனமோவை அளக்க நினைக்கவில்லை.

கருகிய உறுப்புக்கு மாற்றுக் கழற்றி எடுக்க, செத்த வானொலி ஏதாவது வந்தால்தான் வழி என்றார் கடைக்காரர். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. ஆகவே அன்றிலிருந்து நான் தினமும் பின்னேரம் அந்தக் கடைக்குச் சைக்கிளில் போய், அங்கே டைனமோவில் ஓடும் வானொலியில் செய்தி கேட்டு, திரும்பி வந்து கமக்காரருக்குச் சொன்னேன். போக வர ஆறு மைல். முழங்கால் வலித்தது. ஒரு நாளும் தவறவில்லை.

"இண்டைக்கும் ஒண்டுமில்லை" என்பேன். "சரி மாஸ்ரர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பார்.

ஒன்பதாம் நாள் பாதை திறப்பதாகச் செய்தி வந்தது. என் காதை நம்பாமல், பக்கத்தில் நின்ற இரண்டு பேரிடம் என்ன கேட்டீர்கள் என்று தனித்தனியே விசாரித்த பிறகே சைக்கிளில் ஏறினேன். கமக்காரர் விடியமுன் புறப்பட்டு, படகுத்துறையில் ஒன்றரை நாள் காத்திருந்து மனைவியைக் கூட்டிவந்தார்.

பார்க்கப் போனேன். ஒரு கண்ணில் கட்டோடு அவருடைய மனைவி என்னைப் பார்த்து, "றேடியோ பழுதெண்டுதான் இவர் சொன்னவர் மாஸ்ரர். பழுதாக்கினது ஆரெண்டு வாயே திறக்கேல்லை. உங்கடை வீட்டுக்காரிதான் சொன்னவ" என்றார். கமக்காரர் கேட்காதவர் போல வெங்காயக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கும் நான் எதையும் எண்ணாமல் விடுகிறவன் அல்ல. ஆனால் ஒரு பொருளைத் தினமும் கையாள்கிறவர் 'அது இருக்கட்டும், ஏனென்று தெரியாது' என்று சொன்னால், அந்தத் தெரியாது என்ற சொல்லுக்குள் நான் இன்னும் அளக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று நினைத்து, கையை எடுத்துவிடுகிறேன்.